டொரொண்டோவில் தயாராகும் படங்கள் யாருக்குச் சொந்தம்?

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் தேதி, டிஸ்னி நிறுவனத்தின் அங்கமான பிக்ஸார் தயாரித்த ‘டர்னிங் ரெட்’ என்ற அனிமேஷன் திரைப்படம் வெளியானது. கதை நடப்பது 2002ஆம் ஆண்டில், கனடாவின் டொரொண்டோ நகரில். அந்நகரின் டிராம் வண்டிகள், சீனர் குடியிருப்பு, அப்போது ஸ்கைடோம் என்று அழைக்கப்பட்ட விளையாட்டரங்கு ஆகியவை படத்தில் இடம்பெறுகின்றன. படத்தின் இயக்குநர் டோமி ஷி டொரொண்டோவில் வளர்ந்தவர். கதாநாயகியின் தோழிகளில் ஒருத்தியான பிரியாவுக்குக் குரல் கொடுத்தவர், டொரொண்டோவை அடுத்துள்ள மிஸ்ஸிஸாகா நகரின் ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த நடிகை மைத்ரேயி இராமகிருஷ்ணன். ஆயினும் கனேடிய விதிகளின்படி இது கனேடியத் திரைப்படம் அல்ல.

அதற்குச் சுமார் 15 மாதங்கள் முன்னர், 2020 டிசம்பரில், தீபா மேத்தா இயக்கிய ‘ஃபன்னி பாய்’ வெளியானது. அதன் கதை நடப்பது இலங்கையில், 1983ஆம் ஆண்டின் தமிழர் விரோதக் கலவரத்தை நோக்கி நகரும் ஆண்டுகளில். படமாக்கப்பட்டதும் இலங்கையில்தான். கொழும்பில் பிறந்து கனடாவில் குடியேறிய எழுத்தாளர் ஷியாம் செல்வதுரையின் 1994ஆம் ஆண்டு நாவலே அதன் மூலம். இது கனேடியத் திரைப்படம். ஆஸ்கர் விருதுகளின் சர்வதேசப் படப் பிரிவுக்குத் தனது சார்பில் கனடா தெரிவு செய்து அனுப்பியதும் இதைத்தான்.

இந்த முரண்பாட்டுக்கான விடை, கதை எங்கே நடக்கிறது என்பதிலோ யார் நடிக்கிறார்கள் என்பதிலோ இல்லை. படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில் இருக்கிறது. கடந்த கால் நூற்றாண்டாக ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் தமக்குள் நடத்திவரும் போட்டியும் உண்மையில் இந்த உரிமையைப் பற்றியதுதான். அந்தப் போட்டிக்கான சரக்கில் கணிசமான பகுதியைத் தயாரித்துக் கொடுக்கும் நகரம் என்ற முறையில், டொரொண்டோவுக்கு இந்தக் கேள்வி வெறும் விதிப்புத்தகச் சிக்கல் அல்ல.

வரிசைப் படங்களின் காலம்

2000ஆம் ஆண்டு கோடையில் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘எக்ஸ்-மென்’ திரைப்படம், பெரும்பாலும் டொரொண்டோவிலும் அருகிலுள்ள ஹாமில்டனிலும் படமாக்கப்பட்டது. சுமார் 7.5 கோடி அமெரிக்க டாலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் 30 கோடி டாலருக்குச் சற்றே குறைவாக வசூலித்தது. சூப்பர்ஹீரோ படங்களின் இன்றைய காலகட்டத்தை அதிலிருந்து கணக்கிடுவோர் பலர்.

அந்த வெற்றியிலிருந்து ஸ்டூடியோக்கள் ஒரு முடிவுக்கு வந்தன. ஒவ்வொரு படத்துக்கும் புதிய கதையைத் தேடி, அதைப் புதிதாக விளம்பரப்படுத்துவதைவிட, இரசிகர்கள் ஏற்கெனவே அறிந்த பாத்திரங்களை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுப்பதில் நட்ட அபாயம் குறைவு. பொம்மை, உடை, கணினி விளையாட்டு, கேளிக்கைப் பூங்கா என்று வருமானத்துக்கு வேறு வழிகளும் திறக்கும். ஃபிராஞ்சைஸ் என்று திரைத்துறையினர் அழைக்கும் இந்த வரிசைப் படங்களில் நடிகர் மாறலாம், இயக்குநர் மாறலாம், படமாக்கப்படும் ஊரும் மாறலாம். மாறாமல் பணம் ஈட்டுவது பாத்திரங்களின் மீதான உரிமை மட்டுமே.

ஆகவே, படங்களை வாங்குவதைவிட உரிமைகளை வைத்திருக்கும் நிறுவனங்களையே வாங்கிவிடும் போக்கு தொடங்கியது. டிஸ்னி 2006இல் பிக்ஸாரை 740 கோடி டாலருக்கும், 2009இல் மார்வெலையும் 2012இல் லூக்காஸ் ஃபிலிமையும் தலா சுமார் 400 கோடி டாலருக்கும் வாங்கியது. 2019இல் ஃபாக்ஸின் பெரும்பகுதியை 7,130 கோடி டாலருக்கு வாங்கியபோது எக்ஸ்-மென் படங்களின் உரிமையும் டிஸ்னியிடம் சென்றது. அப்படத்துக்கு அரங்கம் அமைத்தவர்களும் விளக்குப் பிடித்தவர்களும் 2000ஆம் ஆண்டிலேயே தமது கூலியைப் பெற்றுவிட்டார்கள். அதன்பின் நடந்த எந்தக் கைமாற்றத்திலும் டொரொண்டோவுக்குப் பங்கில்லை.

நியூயார்க்காக நடிக்கும் நகரம்

டொரொண்டோ திரையில் தன் பெயரில் தோன்றுவது அரிது. ‘சிகாகோ’ படத்தில் அது சிகாகோ. ‘ஷஸாம்’ படத்தில் ஃபிலடெல்ஃபியா. அமேசானின் ‘தி பாய்ஸ்’ தொடரில் நியூயார்க். அத்தொடரின் சூப்பர்ஹீரோக்கள் குடியிருக்கும் வானளாவிய கோபுரத்தின் அடிப்பகுதி, உண்மையில் டொரொண்டோவின் ராய் தாம்ஸன் இசையரங்கம்.

அமெரிக்க நிறுவனங்கள் இங்கு வருவதற்கு முதற்காரணம் பணம். ஒண்டாரியோ மாகாணத்தில் செய்யப்படும் தகுதியான தயாரிப்புச் செலவில் 21.5 சதவீதத்தை மாகாண அரசு வரிச்சலுகையாகத் திருப்பித் தருகிறது. கனேடியத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்தில் 16 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது. கனேடிய டாலரின் குறைந்த மதிப்பும் சேர்ந்துகொள்கிறது. 2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் பரவியபோதும், பின்னர் 2007இல் கனேடிய டாலர் அமெரிக்க டாலருக்கு இணையாக உயர்ந்தபோதும், இந்தத் தொழில் எவ்வளவு எளிதில் ஊரைவிட்டுப் போகக்கூடியது என்பதை நகரம் உணர்ந்தது.

எனினும் கடந்த 15 ஆண்டுகளில் நிலைமை வேகமாக மாறியது. 2008இல் துறைமுகப் பகுதியில் ஃபில்ம்போர்ட் என்ற பெயரில் திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டே பைன்வுட் டொரொண்டோ என்று பெயர் மாறிய ஸ்டூடியோ வளாகத்தில், 46,000 சதுர அடிப் பரப்புள்ள படப்பிடிப்புக் கூடம் ஒன்று இருக்கிறது. அங்கும் சினிஸ்பேஸ் என்ற மற்றொரு ஸ்டூடியோவிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை இலட்சம் சதுர அடி இடத்தை வாடகைக்கு எடுப்பதாக 2019இல் நெட்ஃப்ளிக்ஸ் அறிவித்தது. 2021இல் டொரொண்டோவில் திரைத் தயாரிப்புக்காகச் செலவிடப்பட்ட தொகை 250 கோடி கனேடிய டாலர் என்று நகர நிர்வாகம் கணக்கிட்டது. இந்தத் திடீர்ப் பெருக்கத்துக்குக் காரணம் திரையரங்குகள் அல்ல. இணையம் வழியே மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் ஸ்ட்ரீமிங் சேவைகள்.

சோதனைக்களமான சந்தை

ஸ்ட்ரீமிங் போட்டியில் கனடா தொழிற்கூடமாக மட்டுமின்றி, சோதனைக்களமாகவும் இருந்துவந்துள்ளது. நெட்ஃப்ளிக்ஸ் தனது இணையச் சேவையை அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் தொடங்கிய நாடு கனடா. 2010 செப்டம்பர் 22ஆம் தேதி டொரொண்டோ தெருவில் நடந்த தொடக்க விழாவில் உற்சாகமாக ஆரவாரித்த கூட்டத்தில் கூலிக்கு அழைத்துவரப்பட்ட துணை நடிகர்களும் இருந்தது தெரியவந்து, நிறுவனம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஊர் எந்தத் தொழிலுக்குப் பேர்போனதோ அதையே வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

டிஸ்னி தனது டிஸ்னி பிளஸ் சேவையை 2019 நவம்பரில் தொடங்கியபோதும், முதல்நாளிலேயே அது கிடைத்த மூன்று நாடுகளில் கனடா ஒன்று. ஒரே சந்தாவைப் பல வீட்டார் பகிர்ந்துகொள்வதைத் தடுக்கும் நடவடிக்கையை 2023 பிப்ரவரியில் நெட்ஃப்ளிக்ஸ் விரிவுபடுத்திய முதல் நான்கு நாடுகளிலும் கனடா இருந்தது.

இந்தப் போட்டியின் போக்கை, டொரொண்டோவில் படமாக்கப்பட்ட ‘ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி’ என்ற ஒரே தொடரின் வரலாற்றில் காணமுடியும். 2017இல் அது தொடங்கியபோது, அமெரிக்காவில் சிபிஎஸ் நிறுவனம் தனது புதிய இணையச் சேவைக்குச் சந்தாதாரரை இழுக்கும் தூண்டிலாக அதைப் பயன்படுத்தியது. கனடாவில் ஒளிபரப்பும் உரிமையைப் பெல் நிறுவனம் பெற்றது. ஏனைய பெரும்பாலான நாடுகளில் நெட்ஃப்ளிக்ஸ் பெற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, சிபிஎஸ்ஸின் அந்தச் சேவை பாரமவுண்ட் பிளஸ் என்று பெயர் மாறி உலகச் சந்தைக்குள் நுழையத் தயாரானபோது, கணக்கு மாறியது. 2021 நவம்பரில், நான்காம் பருவம் வெளியாகச் சில நாட்களே இருந்த நிலையில், தொடர் முழுவதும் நெட்ஃப்ளிக்ஸிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பாரமவுண்ட் பிளஸ் இன்னும் தொடங்கப்படாத நாடுகளின் இரசிகர்கள் கொதித்தெழுந்த பின்னரே இடைக்கால ஏற்பாடுகள் செய்யப்பட்டன.

அதாவது, உரிமை வைத்திருப்பவர் அதை எதிராளிக்கு விற்று இன்றே பணம் பார்ப்பதா, தன்னிடமே பூட்டிவைத்துச் சந்தாதாரரைச் சேர்ப்பதா என்பதே ஒவ்வொரு ஸ்டூடியோவின் முன்னும் உள்ள கேள்வி. முதலில் எல்லோரும் விற்றார்கள். 2019க்குப் பின் எல்லோரும் பூட்டினார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் டிஸ்னி, ‘சோல்’, ‘லூக்கா’, ‘டர்னிங் ரெட்’ ஆகிய மூன்று பிக்ஸார் படங்களைத் திரையரங்குகளைத் தவிர்த்துத் தனது சேவையிலேயே வெளியிட்டது. திரையரங்குகள் மீண்டும் நிரம்பத் தொடங்கி, சந்தாவால் மட்டும் செலவை ஈடுகட்ட முடியாது என்பது தெளிவானபோது, எதிராளிக்கு விற்பது மீண்டும் தொடங்கியது. ‘டர்னிங் ரெட்’டே 2024 பிப்ரவரியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது.

மைத்ரேயி இராமகிருஷ்ணனை உலகறியச் செய்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரும் இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலின் விளைவே. சுமார் 15,000 பேரிலிருந்து அவர் தெரிவு செய்யப்பட்ட அத்தொடரைத் தயாரித்தது யூனிவர்ஸல் டெலிவிஷன். அதன் தாய் நிறுவனம் பீகாக் என்ற சொந்தச் சேவையைத் தொடங்கிய அதே 2020இல், தொடர் வெளியானது போட்டியாளரான நெட்ஃப்ளிக்ஸில்.

புலம்பெயர் தமிழ் இரசிகர்களுக்கு இந்தப் போட்டி மற்றொரு வகையிலும் அறிமுகமானதே. ஒரு காலத்தில் ஸ்காபரோவின் கடைகளில் வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்தவர்கள், 2020 நவம்பரில் ‘சூரரைப் போற்று’ படத்தை அமேசானிலும், 2021 ஜூனில் இலண்டன் வாழ் ஈழ அகதிகளைக் கதைக்களத்தில் கொண்ட ‘ஜகமே தந்திரம்’ படத்தை நெட்ஃப்ளிக்ஸிலும், சென்னையில் இருப்பவர்களுடன் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

பத்துப் புள்ளிகள்

எது கனேடியப் படம் என்பதைத் தீர்மானிக்கப் பல காலமாகப் புள்ளிமுறை ஒன்று நடைமுறையில் இருந்து வருகிறது. இயக்குநர் கனேடியராக இருந்தால் 2 புள்ளிகள், திரைக்கதையாசிரியருக்கு 2, முதன்மை நடிகர்கள் இருவர், ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், இசையமைப்பாளர், படத்தொகுப்பாளர் ஆகியோருக்குத் தலா 1 என மொத்தம் 10. குறைந்தது 6 தேவை. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்நிபந்தனை, தயாரிப்பாளர் கனேடியராக இருக்க வேண்டும், உரிமையும் கட்டுப்பாடும் அவரிடமே இருக்க வேண்டும் என்பதாகும். ‘டர்னிங் ரெட்’ அங்கேயே நின்றுவிடுகிறது.

இதைவிடவும் அடிக்கடி சுட்டிக்காட்டப்படும் உதாரணம் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’. மூல நாவலை எழுதிய மார்கரெட் அட்வுட் டொரொண்டோவாசி. 2017 முதல் 2025 வரை வெளியான தொடர் படமாக்கப்பட்டது டொரொண்டோவிலும் சுற்றுப்புற ஊர்களிலும். தயாரிப்பு எம்ஜிஎம், அதாவது 2022 முதல் அமேசான். அமெரிக்காவில் காட்டியது டிஸ்னியின் கட்டுப்பாட்டிலுள்ள ஹூலு. கனடாவில் பெல் நிறுவனத்தின் கிரேவ். இதுவும் கனேடியத் தொடர் அல்ல. இந்த விதி அபத்தமானது என்பது அமெரிக்க ஸ்டூடியோக்களின் வாதம். கதையும் உழைப்பும் இங்கிருந்து போக, இலாபம் மட்டும் திரும்பி வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பது கனேடியத் தயாரிப்பாளர்களின் பதில். இரண்டு தரப்பும் ஒரே உதாரணத்தைக் கையிலெடுப்பது தற்செயல் அல்ல.

உரிமை இங்கேயே தங்கும்போது என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. சிபிசி ஒளிபரப்பிய ‘ஷிட்ஸ் கிரீக்’ தொடரை நெட்ஃப்ளிக்ஸ் தன் உலகளாவிய பார்வையாளரிடம் கொண்டு சேர்த்தது. 2020இல் அது எம்மி விருதுகளில் நகைச்சுவைப் பிரிவின் ஏழு முக்கிய விருதுகளையும் வென்றது. உலகெங்கும் பலர் அதை நெட்ஃப்ளிக்ஸின் தொடர் என்றே நம்பினார்கள் என்பது வேறு விடயம். 2025 நவம்பரில் கிரேவ் வெளியிட்ட ‘ஹீட்டட் ரைவல்ரி’, ஒண்டாரியோவில் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவின் ஹெச்பிஓ மேக்ஸ் சேவைக்கு உரிமம் வழங்கப்பட்டு, எதிர்பாராத வெற்றி பெற்றது. இங்கே அமெரிக்க நிறுவனம் வாடிக்கையாளர், உரிமையாளர் அல்ல.

சட்டமும் வழக்கும் மிரட்டலும்

கனேடியத் தொலைக்காட்சி நிறுவனங்கள் தமது வருமானத்தில் ஒரு பங்கை உள்நாட்டு நிகழ்ச்சிகளுக்குச் செலவிடவேண்டிய கட்டாயம் நெடுநாளாக உள்ளது. வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கு அது இருக்கவில்லை. அந்த வேறுபாட்டைப் போக்கும் நோக்கில் கொண்டுவரப்பட்ட இணைய ஒளிபரப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 27ஆம் தேதி ஒப்புதல் பெற்றது. அதன்கீழ் ஒழுங்குமுறை அமைப்பான சிஆர்டிசி, கனடாவில் ஆண்டுக்கு 2.5 கோடி கனேடிய டாலருக்கு மேல் ஈட்டும், கனேடிய ஒளிபரப்பு நிறுவனங்களுடன் தொடர்பற்ற சேவைகள் அந்த வருமானத்தில் 5 சதவீதத்தை உள்நாட்டு நிதிகளுக்குச் செலுத்த வேண்டும் என்று 2024 ஜூனில் உத்தரவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர் திரளும் என்று மதிப்பிடப்பட்டது. உள்ளூர்ச் செய்தி, பிரெஞ்சு மொழி நிகழ்ச்சி, பூர்வகுடி மக்களின் படைப்புகள் ஆகியவற்றோடு, போதிய வாய்ப்புக் கிடைக்காத சமூகத்தவர் தாமே உருவாக்கும் படைப்புகளுக்கும் இந்த நிதி பயன்பட வேண்டும் என்பது ஏற்பாடு.

தாம் ஏற்கெனவே கனடாவில் பெருந்தொகை செலவிட்டு வருவதாகவும், அதைக் கணக்கில் கொள்ளாமல் வரி போன்ற ஒன்றை விதிப்பது நியாயமல்ல என்றும் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் வாதிடுகின்றன. விடயம் நீதிமன்றம் சென்றது. வழக்குத் தொடுத்த நிறுவனங்கள் உடனடியாகப் பணம் செலுத்தத் தேவையில்லை என்று 2024 டிசம்பரில் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025 நவம்பரில் சிஆர்டிசி புள்ளிமுறையைத் திருத்தியது. தொடர்களின் தலைமைப் படைப்பாளி போன்ற பொறுப்புகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. செயற்கை நுண்ணறிவு மனிதரின் இடத்தில் நின்று புள்ளி பெற முடியாது என்றும் கூறப்பட்டது.

இதற்கிடையே அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப், வெளிநாடுகளில் தயாராகும் படங்கள் மீது 100 சதவீதச் சுங்கவரி விதிக்கப்போவதாக 2025 மே மாதத்திலும், மீண்டும் செப்டம்பரிலும் அறிவித்தார். ஒரு திரைப்படத்தின் மதிப்பை எல்லையில் எப்படி அளப்பது என்ற விவரம் அந்த அறிவிப்புகளில் இல்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் இறுதியில், அமெரிக்க அழுத்தத்தின் பேரில் கனடா தனது டிஜிட்டல் சேவை வரியைக் கைவிட்டிருந்த நிலையில், இணைய ஒளிபரப்புச் சட்டமும் அதே பாதையில் போய்விடுமோ என்ற அச்சம் உள்ளூர்த் தயாரிப்பாளர்களிடையே எழுந்தது.

வேலைக்கும் உரிமைக்கும் நடுவே

டொரொண்டோவின் திரைத் தொழிலாளர் சங்கங்களின் நிலைமை இங்கே சங்கடமானது. உரிமையைப் பற்றிய கவலை தயாரிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் உரியது. தச்சருக்கும் ஒப்பனைக் கலைஞருக்கும் அடுத்த மாத வேலை முக்கியம். அதைத் தருவது பெரும்பாலும் அமெரிக்க ஸ்டூடியோக்களே. 2023இல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாட்களும் நடிகர்கள் 118 நாட்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, அதில் எந்தப் பங்கும் இல்லாத டொரொண்டோவின் அரங்குகள் வெறிச்சோடின. வேலைநிறுத்தம் முடிந்த பின்னரும் பழைய அளவு வேலை உடனே திரும்பவில்லை. ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் செலவைச் சுருக்கத் தொடங்கியிருந்தன.

நிறுவனங்கள் ஒன்றிணையும்போதும் இதே நிலைதான். 2025 ஆகஸ்டில் பாரமவுண்ட், ஸ்கைடான்ஸ் நிறுவனத்துடன் இணைந்து புதிய உரிமையாளரின் கீழ் வந்தது. அதே டிசம்பரில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவைச் சுமார் 8,270 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக நெட்ஃப்ளிக்ஸ் அறிவிக்க, சில நாட்களிலேயே பாரமவுண்ட் போட்டி விலை கூறியது. வார்னர் தயாரிப்பான ‘இட்’ பேய்ப்படங்களும், அவற்றின் முன்கதையாக 2025இல் ஹெச்பிஓவில் வெளியான தொடரும் டொரொண்டோவிலும் ஒண்டாரியோவின் போர்ட் ஹோப் ஊரிலும் படமாக்கப்பட்டவை. அடுத்த பருவம் வருமா, வந்தால் எந்த ஊரில் எடுக்கப்படும் என்பதை முடிவு செய்யும் மேசை இந்நாட்டில் இல்லை.

டொரொண்டோத் தமிழரிடையே நடிகர்களுக்கோ இயக்குநர்களுக்கோ பஞ்சமில்லை. லெனின் எம். சிவம் தம் நகரின் தமிழர் வாழ்வை வைத்து எடுத்த ‘எ கன் அண்ட் எ ரிங்’ 2013இல் ஷாங்காய் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அவ்வகைப் படங்களுக்கு வரிசைப் படங்களின் விளம்பர பலமும் கிடையாது, இணையச் சேவைகளின் கணிப்புக்குள் எளிதில் அடங்கும் பார்வையாளர் தொகையும் கிடையாது. உள்நாட்டு நிதிகளே அவற்றின் வாசல். அந்த வாசல் வழியே வந்த ‘ஃபன்னி பாய்’கூட எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை: முக்கியத் தமிழ்ப் பாத்திரங்கள் சிலவற்றில் தமிழரல்லாதோர் நடித்ததையும், அவர்களது தமிழ் உச்சரிப்பையும் தமிழர் பலர் கடுமையாக விமர்சித்தனர். மறுபுறம், ஆங்கில உரையாடல் பாதிக்கு மேல் இருப்பதாகக் கூறி ஆஸ்கர் அகாடமி அதைச் சர்வதேசப் படப் பிரிவிலிருந்து நீக்கியது. கனடா அவ்வாண்டு அதற்குப் பதிலாக வேறொரு படத்தை அனுப்பியது. ‘ஃபன்னி பாய்’ அமெரிக்க இரசிகர்களைச் சென்றடைந்தது நெட்ஃப்ளிக்ஸ் வழியாக.